அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

அப்பாவுக்குக் குடல் புற்றுநோய். நான்காவது கீமோ முடிந்து பத்து நாள் ஆகிறது. 68 கிலோ இருந்தவர் இப்போது 57. கைக்கடிகாரம் முழங்கை வரை நழுவுகிறது.

எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குவது போல் இருக்கிறது என்கிறார். பிளாஸ்டிக் கரண்டிக்கு மாற்றியதில் கொஞ்சம் பரவாயில்லை. சூடான சாப்பாட்டின் வாசனையே குமட்டுவதால் ஆறவிட்டுத்தான் கொடுக்கிறோம். குமட்டல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் தரச் சொன்னார் டாக்டர், அதையும் தவறாமல் செய்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணத்தில் வைத்தாலும் நான்கு வாய்க்கு மேல் போவதில்லை.

நேற்று அம்மா கெஞ்சியதும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, விழுங்க முடியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்புறம் நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. பசி எடுக்காதது நோயும் மருந்தும் செய்கிற வேலை, அவருடைய பிடிவாதம் இல்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் கலோரியும் புரதமும் கூடுதலாகப் போக என்ன செய்தீர்கள்? பாலில் பால்பவுடர் கலந்து தருகிறோம், முட்டையை மட்டும் ஏற்றுக்கொள்கிறார். சத்து பானங்கள் திகட்டாமல் இருக்க வழி உண்டா? பசிக்கு மருந்து எடுத்தவர்கள் இருந்தால் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள், டாக்டரிடம் கேட்க உதவும். அடுத்த வாரம் உணவியல் நிபுணரைப் பார்க்கிறோம். அவரிடம் மறக்காமல் என்ன கேட்க வேண்டும்?

மூலிகைப் பொடி, கஷாயம் மட்டும் வேண்டாம். கீமோ மருந்தோடு சில ஒத்துப்போகாது.