ஹான் காலத்து ஜேட் சில்வண்டு, வாங்கலாமா?

மாறன்77:
சிங்கப்பூரில் ஒரு பழம்பொருள் கடையில் ஜேட்டில் செதுக்கிய சில்வண்டு ஒன்றைப் பார்த்தேன். கட்டைவிரல் நீளம்தான், ஓரங்களில் பழுப்புக் கறை, தலைப்பக்கம் சின்னத் துளை. சீனாவின் ஹான் வம்சக் காலத்தது, 2000 வருஷப் பழசு, இறந்தவர் நாக்கில் வைத்துப் புதைத்தது என்கிறார் கடைக்காரர். கத்தியால் கீறியும் காட்டினார், கோடு விழவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வாங்கலாமா?

கல்பித்தன்:
கீறல் சோதனையை நம்பி பணத்தை எடுக்காதீர்கள். பழைய சீன ஜேட் என்றால் நெஃப்ரைட் என்ற கல், அதன் கடினம் மோஸ் அளவில் (கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிப்பது) 6 முதல் 6.5, சாதாரணக் கத்தி அதைவிட மென்மை, அதனால் கோடு விழாது, சரி, ஆனால் போன மாதம் செதுக்கியதிலும் விழாதே! சீனாவின் சிங்ஹாய் மாகாணக் கல்லும் சைபீரியக் கல்லும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன, கல் அசலாக இருக்கும், வயது மட்டும் பொய்யாக இருக்கும். 10 மடங்கு லென்ஸ் வைத்து வெட்டுக் கோடுகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஈர மணலைக் கொடுத்து மெல்லத் தேய்த்துத்தான் ஜேட்டை வடித்தார்கள். வேகமாகச் சுழலும் வைரத்தூள் கருவியின் தடம் அப்படி இருக்காது, ஒரே சீராக வரிவரியாகத் தெரியும். கறையையும் சூடுகாட்டி, சாயம் ஏற்றி வரவழைக்கிறார்கள்.

பழங்கலன்:
அந்தத் துளைதான் எனக்கு உறுத்துகிறது. நாக்கில் வைத்த சில்வண்டுகளில் பொதுவாகத் துளை இருக்காது, துளையிட்டவை உடம்பில் அணிந்தவை. கடைக்காரர் சொல்லும் கதையும் பொருளும் ஒத்துப்போகவில்லை.

மாறன்77:
துளையைப் பற்றிக் கேட்டேன், பிறகு யாரோ போட்டிருக்கலாம் என்கிறார். எடை போட்டுப் பார்த்தால் ஏதாவது தெரியுமா?

கல்பித்தன்:
தெரியும். காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு அடர்த்தி கணக்கிடுங்கள். நெஃப்ரைட் என்றால் 2.95 பக்கம் வரும். 2.6 வந்தால் அது பெரும்பாலும் ஜேட் போலத் தோன்றும் சர்ப்பென்டைன் என்ற வேறு கல். 3.3 வந்தால் ஜேட்டின் இன்னொரு வகையான பர்மா ஜேடைட், அது சீனாவுக்குள் பெருமளவில் வந்ததே 18ஆம் நூற்றாண்டில்தான், ஹான் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழங்கலன்:
அப்புறம் காகிதம் கேளுங்கள். சீனாவின் 1982 சட்டப்படி மண்ணுக்கடியில் கிடைப்பவை அரசுடைமை, அதனால் கல்லறைப் பொருள் என்று சொல்பவர் அது எப்போது, யார் கைவழியாக வெளியே வந்தது என்று காட்டியே ஆகவேண்டும். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் காலத்துப் பொருட்களைப் பாருங்கள். 1759இல் சின்ஜியாங் சிங் அரசர்கள் வசமான பிறகு அங்குள்ள கோத்தான் ஊரின் ஜேட் கல் அரண்மனைக்குத் தடையின்றி வந்தது, வேலைப்பாடும் அற்புதம். பழைய ஏல ரசீதோடு வரும் சின்ன இடுப்புக் கொக்கியோ மூக்குப்பொடிக் குப்பியோ போதும்.