தனிப்பாடல் ஒலிப்பதிவில் கிற்றார் இரைச்சல்: உதவி தேவை

வணக்கம். ரொக் இசைக்குழுவொன்றில் கிற்றார் வாசிக்கும் நான், எனது முதலாவது தனிப்பாடலைத் திருகோணமலை உவர்மலையிலுள்ள வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வருகிறேன். மாத இறுதியில் வெளியிட வேண்டிய இப்பாடலில், டிஸ்டோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) சேர்த்தவுடன் வாசிப்பையே மூடிவிடும் அளவுக்கு ஓர் இரைச்சல் எழுகிறது.

கிற்றார் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை. தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்கள் மூன்றும் ஒற்றைச் சுருள் கொண்டவை. யுஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ் வழியே மடிகணினியில் பதிகிறேன். கடந்த மாரிக்குப் பின்னரே இந்த இரைச்சல் தொடங்கியது. தந்தியில் கை பட்டால் இரைச்சல் குறைகிறது, எடுத்தால் திரும்புகிறது. மடிகணினியின் இருமுனைச் சார்ஜரைக் கழற்றினாலும் ஓரளவு தணிகிறது.

கேபிளை மாற்றினேன், உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த ஜாக்கைத் துடைத்தேன், மின்விசிறியையும் எல்ஈடி விளக்குகளையும் அணைத்துப் பார்த்தேன். மென்பொருளில், மின்விநியோக இரைச்சல் விழும் 50, 100 ஹேர்ட்ஸை வெட்டியபோது, தடித்த தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலுள்ள ஜி சுரமும் (98 ஹேர்ட்ஸ்) சேர்ந்தே மெலிந்துபோயிற்று. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிற்றார் வரி) முழுவதும் அந்தச் சுரத்தில்தான் நிற்கிறது என்பதால் அவ்வழியைக் கைவிட்டேன். இரைச்சலைத் தணிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரைப் பொருத்தலாம் என்பார்கள், ஆனால் இப்பாடலுக்கு வேண்டியது ஒற்றைச் சுருளின் கூர்மையான ஒலியே.

இந்த அறிகுறிகளை வைத்துப் பார்க்கையில், கிற்றாரைத் திறந்து இரைச்சல் உள்ளே புகாதபடி உட்புறத்துக்குச் செப்புத் தாள் ஒட்டுவதா, வீட்டின் எர்த் இணைப்பை மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பதா, எதை முதலில் செய்ய வேண்டும்?