எக்ஸோஸ் மாத்துன பிறகு டியூனிங்: பார்த்ததும் சரி பண்ணதும்

(மலேசியாவுல செந்தூல், பட்டர்வொர்த், கோம்பாக்ல பைக் டியூன் பண்ற மூணு பேர் பேசுறது. யார் பேசுறாங்கன்னு ஊர்ப் பேரே காட்டும்.)

செந்தூல்:
பைக்கோட எக்ஸோஸை (புகைக் குழாயை) மாத்துனதும் த்ராட்டலை விடுறப்போ பட்பட்டுனு வெடிச்சா, "லீன் ஆயிடுச்சு, பியூயலைக் கூட்டு"ன்னு ஆளாளுக்குச் சொல்வாங்க. லீன்னா காத்துக்குப் பெட்ரோல் பத்தலை, ரிச்னா பெட்ரோல் அதிகம். மேப்பை (எந்த ஆர்பிஎம்ல எவ்வளவு பியூயல்ங்கிற அட்டவணையை) மாத்த லேப்டாப்பைத் திறக்குறதுக்கு முன்னால ஸ்பேனரை எடுங்க.

ஒரு 150 சிசி காப்சாய் (ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் நடுவுல உள்ள சின்ன வண்டி) வந்துச்சு. 32 மி.மீ. புல் சிஸ்டம் (ஹெட்டுல இருந்து டெயில் வரை முழுப் பைப்பும் புதுசு), ஸ்டேண்ட்அலோன் இசியு (பியூயலைக் கணக்குப் போட்டு ஊத்துற தனிக் கம்ப்யூட்டர்). ஐடிலில் (த்ராட்டல் கொடுக்காம சும்மா ஓடும்போது) வைட்பேண்ட் மீட்டர் (புகையில உள்ள ஆக்சிஜனை வச்சு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்துன்னு சொல்றது) 15.8 காட்டுது, அதாவது லீன். அதை நம்பி முன்னாடியே யாரோ ஐடில் பகுதியில 15 விழுக்காடு பியூயல் கூட்டியிருக்காங்க. ஆனா பிளக் கரி மாதிரி கறுப்பு, பின்னால நின்னா கண் எரியுது. மீட்டர் லீன்ங்குது, பிளக் ரிச்ங்குது. ரெண்டும் முரண்பட்டா சந்தேகப்பட வேண்டியது கசிவைத்தான். பழைய கேஸ்கெட் ரிங்கையே திரும்பப் போட்டிருந்தாங்க. புது ரிங் போட்டு இறுக்குனதும் மேப்பைத் தொடாமலே 15.8 இறங்கி 12.1 ஆச்சு. அப்புறம் பியூயலைக் குறைக்கிற வேலைதான்.

காரணம் இதுதான். ஐடிலில் ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் நடுவுல பைப்புக்குள்ள அழுத்தம் வெளிக்காத்தைவிடக் கீழே போகும். அந்த நேரத்துல சின்ன இடுக்கு வழியாகக்கூட காத்து உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துட்டு லீன்னு சொல்லிடும். ஆர்பிஎம் ஏற ஏற இந்தப் பிழை சுருங்கும். அதனால மேலே சரியாவும் கீழே மட்டும் லீனாவும் காட்டுற மேப்பை உடனே நம்பாதீங்க.

கசிவு பார்க்க: இன்ஜின் ஆறியிருக்கணும். வேக்குவம் கிளீனரோட காத்து ஊதுற பக்கத்தை டெயில்ல வச்சு ஊத விட்டு, ஹெட் ஜாயிண்ட்லயும் ஸ்லிப் ஜாயிண்ட்லயும் சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழி வர்ற இடம் தெரிஞ்சிடும்.

மாட்டுறதுல வரிசை முக்கியம். ஹெட் நட்டை முதல்ல கையால மட்டும் திருகுங்க. அடுத்து மப்ளர் பிராக்கெட் போல்ட்டை லூசா போடுங்க. பிறகு ஹெட் நட்டுகளை மாத்தி மாத்தி இறுக்குங்க. எம்6 ஸ்டட்டுனா 10 நியூட்டன் மீட்டர், எம்8னா 20 போதும். பிராக்கெட்டைக் கடைசியிலதான் இறுக்கணும். பிராக்கெட்டை முதல்ல இறுக்கிட்டா பைப் ரிங்மேல கோணலா உட்காரும். கசிவும் வரும், நாளடைவுல வெல்டும் விரியும். ஒரு தடவை சூடாகி ஆறுனதும் நட்டைத் திரும்பப் பாருங்க.

எக்ஸோஸ் போர்ட்டுக்குள்ள காத்து விடுற ஏஐஎஸ் உள்ள வண்டியா இருந்தா, டியூன் பண்ணும்போது அந்த ஹோஸை அடைச்சு வைங்க. கசிவு காட்டுற அதே பொய்யை இதுவும் காட்டும். த்ராட்டல் விடும்போது வர்ற வெடிப்புல பாதிக்குக் காரணமும் இதுதான்.

பட்டர்வொர்த்:
அண்ணன் சொன்னதோட சென்சார் வைக்குற இடத்தையும் சேர்த்துக்குங்க. எம்18 பங் (சென்சாரைத் திருகுற வளையம்) வெல்ட் பண்ணும்போது சென்சார் மேல்பக்கமா சாய்ஞ்சு நிக்கணும். பைப்புக்கு அடியில வச்சா தண்ணி தேங்கி சென்சார் செத்துடும். டெயில்ல வச்சா வெளிக்காத்து பின்வாங்கி, ஐடிலில் லீன்னு காட்டும்.

மேப் போடும்போது, ஓ2 சென்சாரைப் பார்த்து இசியு தானா பியூயலைத் திருத்துற ஓ2 கரெக்‌ஷனை அணைச்சிடுங்க. இல்லைனா நீங்க கூட்டுறதை இசியு குறைச்சுக்கிட்டே இருக்கும். நான் வைக்குற அளவு: ஐடில் 13.2 முதல் 13.8, சீரான ஓட்டத்துக்கு 14 முதல் 14.7, புல் த்ராட்டலுக்கு 12.8 முதல் 13.2. ஒரு தடவைக்கு 2 விழுக்காட்டுக்கு மேல மாத்தாதீங்க.

ஸ்லிப்-ஆன் (பின்னால இருக்கிற மப்ளர்) மட்டும் மாத்தியிருந்தா, சீரான ஓட்டத்தை ஓ2 சென்சாரே சரி பண்ணிக்கும். புல் த்ராட்டல் பக்கத்துல இசியு சென்சாரைக் கேக்காது, மேப்புல உள்ளதைத்தான் ஊத்தும். பார்க்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

சீரான ஓட்டத்தை லாக் எடுக்க (மீட்டர் அளவைப் பதிவு பண்ண) பினாங்குப் பாலம் நல்ல இடம்; 13.5 கிலோமீட்டர், சிக்னல் கிடையாது. ஆனா எதிர்க்காத்து அடிச்சா அதே வேகத்துக்கு த்ராட்டல் கூடுதலா திறக்கணும், அதனால போக, வர ரெண்டு லாக்கும் எடுங்க. புல் த்ராட்டல் வேலையை டைனோவுல (வண்டியை நிறுத்தி வச்சு ஓட்டிப் பார்க்குற உருளை மேடையில) வச்சுக்குங்க, ரோட்டுல வேணாம்.

இக்னிஷன் டைமிங்கைத் தொடாதீங்க. எக்ஸோஸ் மாத்துனதுக்காக அது தேவையில்லை. ரான்95 ஊத்துற வண்டியில டைமிங்கைக் கூட்டினா நாக் (பெட்ரோல் தானா தீப்பிடிச்சு இன்ஜின் தட்டுறது) வரலாம், அந்தச் சத்தத்துல அது காதுல விழவும் விழாது.

கோம்பாக்:
இனி, இசியு இல்லாம கார்புரேட்டர்ல பியூயல் கலக்குற கார்பு வண்டிக்காரங்களுக்கு. ஐடில் கலவையைத் திருத்துற ஸ்க்ரூ ஏர் பில்டர் பக்கம் இருந்தா அது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினா ரிச். இன்ஜின் பக்கம் இருந்தா பியூயல் ஸ்க்ரூ, வெளியே திருகினாத்தான் ரிச். இதைக் குழப்பிக்கிட்டு வர்ற வண்டிதான் அதிகம்.

இன்ஜினை நல்லா சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவை முழுசா உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்க. எட்டில் ஒரு சுற்றா திருகி, ஐடில் உச்சத்துக்கு ஏறுற இடத்தைப் பிடிங்க. அது ஒரு சுற்றுக்குக் கீழே வந்தா பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடுற துளை) சின்னது. இரண்டரைக்கு மேல போனா பெரிசு. நடு த்ராட்டலுக்கு ஊசி: கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குனா ஊசி ஏறும், ரிச் ஆகும். புல் த்ராட்டல்ல இருந்து லேசா மூடும்போது வண்டி ஒரு தள்ளு தள்ளுனா மெயின் ஜெட் (புல் த்ராட்டலுக்குப் பெட்ரோல் விடுற துளை) பத்தலைன்னு அர்த்தம்.

கெந்திங் மலை மேல ஏறுனா வண்டி மந்தமாகும். 1,800 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும், கார்புக்கு அது தெரியாது. ஒரு நாள் சவாரிக்காக ஜெட்டை மாத்தாதீங்க, கீழே வந்ததும் லீனா ஓடி இன்ஜின் கொதிக்கும்.

செந்தூல்:
டிபி கில்லரை, அதாவது டெயில்ல சத்தத்தைக் குறைக்கிற செருகைக் கழட்டி வச்சு மேப் போட்டுட்டு, போலீஸ் ரோட்பிளாக் பயத்துல திரும்ப மாட்டுறாங்க. மாட்டுனதும் மேல் ஆர்பிஎம்ல புகை வெளியேறுறது குறையும், உள்ளே வர்ற காத்தும் குறையும். பியூயல் மட்டும் பழைய அளவுலயே ஊத்தும், மேலே ரிச் ஆகி மூச்சு முட்டும். மாட்டியே மேப் போடுங்க. மலேசியாவுல 1987லயே மோட்டார் வாகன ஓசைக்குத் தனி விதி வந்தாச்சு, சம்மனுக்கு மேப் கணக்கெல்லாம் தெரியாது.

பட்டர்வொர்த்:
இன்னொண்ணு. ஸ்டாண்டர்ட் 150 இன்ஜினுக்கு 38 மி.மீ. பைப் போட்டுட்டு, "கீழே இழுக்கலை, மேப் பண்ணித் தாங்க"ன்னு கேக்குறாங்க. பைப் அகலமானதால புகையோட வேகம் விழுந்துடுச்சு, பியூயல் ஊத்தி அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பைப்பை மாத்துங்க, இல்லைனா பின் ஸ்ப்ராக்கெட்ல ஒன்றிரண்டு பல் கூட்டுங்க.