நீலப்புள்ளித் திருக்கையும் எங்க பெரியவீட்டு குரூப்பும்

கார்த்தி: (போட்டோ) அம்மா, மலேசியாவுல பெர்ஹெந்தியான் தீவுக்கு வந்து சேந்தாச்சு. காலைல ஸ்நார்க்லிங் போனோம். இடுப்பளவு தண்ணி தான், பவளத்துக்கு அடியில நீலமா ரிப்பன் மாதிரி ஒன்னு நீட்டிக்கிட்டு கெடந்துச்சு, யாரோ விட்டுட்டுப் போன ஹேர்பேண்டுன்னு நெனச்சு தருண் எடுக்கப் போயிட்டான், நல்லவேளை திவ்யா அவன் காலைப் பிடிச்சு இழுத்துட்டா, அப்புறம் பாத்தா வாலு!!

அம்மா: ஐயோ முருகா. புள்ளைக்கு ஒன்னும் இல்லையே

திவ்யா: இல்ல அத்தை, நல்லா இருக்கான். ரெண்டாவது தோசை திங்குறான்

சின்ன மாமா: (பார்வர்ட்) எச்சரிக்கை எச்சரிக்கை!! நீலப் புள்ளி உள்ள இந்த மீனைத் தொட்டால் 2 நிமிடத்தில் மரணம். மனிதனைத் தேடி வந்து தாக்கும். அனைவருக்கும் பகிரவும்

அம்மா: கார்த்தி உடனே கெளம்பி ஊருக்கு வா

நிலா: மாமா ப்ளீஸ் அதை டெலீட் பண்ணுங்க 🙏 பெரியம்மா பயப்படாதீங்க. அண்ணா அது நீலப்புள்ளித் திருக்கை, அறிவியல் பேரு டேனியூரா லிம்மா. செங்கடல்ல புடிச்ச மீனை வச்சு ஃபோர்ஸ்கால்னு ஒருத்தர் எழுதி 1775லயே பேர் வந்துருச்சு. செங்கடல், ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரையில ஆரம்பிச்சு மலேசியா இந்தோனேசியா ஆஸ்திரேலியா வடக்கு வரைக்கும், சூடான கடல்ல பவளப் பாரு, அதான் பவளப் பாறை, எங்க இருக்கோ அங்கெல்லாம் இருக்கும். வாலோட ரெண்டு பக்கமும் நீலக்கோடு ஓடுது பாருங்க, அதான் அடையாளம். விஷம் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா தேடி வந்தெல்லாம் குத்தாது, நம்மளப் பாத்தா ஓடிரும்

சித்தப்பா: நம்ம பக்கமும் நீலப்புள்ளி வச்சது வலையில படுமே

நிலா: அப்பா அது வேற. நம்மளது சாய்சதுரமா இருக்கும், கண்ணு மேல முகமூடி கட்டுன மாதிரி கருப்புப் பட்டை, வால்ல கருப்பு வெள்ளை வளையம். அதை 2018ல தான் நியோட்ரைகான் இண்டிகான்னு தனி இனமாவே பிரிச்சாங்க. அது மணல்ல புதைஞ்சு கெடக்கும். அண்ணா பாத்தது முட்டை வடிவம், பெருசானாலும் அகலம் ஒரு 35 சென்டிமீட்டர் தான், மணல்ல அவ்வளவா புதையாது, பகல்ல பவளப் பாரு இடுக்குல ஒளிஞ்சிக்கிட்டு வாலை மட்டும் வெளிய விட்டுரும். தருண் பாத்த மாதிரியே

கார்த்தி: எங்க போட்காரன் என்ன சொன்னான் தெரியுமா, தொட்டுப் பாருங்க ஒன்னும் பண்ணாதுன்னான்

நிலா: அது ரொம்ப தப்புண்ணா. தருண் கையை நீட்டுன இடத்துக்குப் பக்கத்துல தான் முள்ளே. மத்த திருக்கை நெறையத்துக்கு முள்ளு வால் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கிட்டயே இருக்கும், இதுக்கு நல்லாத் தள்ளிப் பின்னாடி இருக்கும், பெரும்பாலும் ரெண்டு

சின்ன மாமா: அப்ப ஆஸ்திரேலியாவுல முதலை புடிக்கிறவர் செத்தது பொய்யா??

நிலா: ஸ்டீவ் இர்வின். உண்மை தான் மாமா, 2006 செப்டம்பர் 4. ஆனா அது பெரிய வகைத் திருக்கை, முள்ளு நேரா நெஞ்சுல ஏறிருச்சு. கால்ல குத்துனா உயிர் போறது ரொம்ப அபூர்வம், ஆனா வலி...

சித்தப்பா: வலியை என்கிட்ட கேளு. நீ பொறக்குறதுக்கு முன்னாடி கரைவலை இழுத்துக்கிட்டு இருக்கேன், வலை மடி கரைக்கு வருது, கலங்கல் தண்ணி, வழுவழுன்னு என்னமோ மிதிச்ச மாதிரி இருந்துச்சு அம்புட்டுதான் கணுக்கால்ல ஒரு அடி. முதல்ல முள்ளு தச்ச மாதிரி தான் இருந்துச்சு, அஞ்சு நிமிசம் கழிச்சு ஏறுச்சு பாரு, முட்டி, தொடை, இடுப்பு வரைக்கும், மணல்ல உருண்டேன். ரம்பம் மாதிரி பல்லு, அதுவும் திரும்பி இருக்கும், உள்ள போறப்ப சுளுவா போயிரும் வெளிய வர்றப்ப சதையைப் பிச்சுக்கிட்டு வரும். எங்க அம்மா தான் அண்டாவுல வெந்நி வச்சு காலை உள்ள அமுக்குச்சு

அம்மா: ஆமா தம்பி எனக்கு ஞாபகம் இருக்கு, தெருவே கூடிருச்சு

நிலா: அப்பத்தா பண்ணது தான் இன்னைக்கும் முதலுதவி. அந்த விஷம் புரோட்டீன், சூடு பட்டா வீரியம் கொறஞ்சிரும். பொறுக்குற சூடு, ஒரு 45 டிகிரி, ஆனா குத்துபட்ட ஆளை சூடு பாக்க விடக்கூடாது, வலியில தெரியாம வெந்துரும், வேற ஆளு கையை விட்டுப் பாக்கணும். அரைமணில இருந்து ஒன்றரை மணி நேரம் வைக்கலாம். அதோட முடிஞ்சிராது, உள்ள முள்ளு ஒடைஞ்சு தங்கும், ஆஸ்பத்திரி போய் எக்ஸ்ரே, டிடி ஊசி எல்லாம் வேணும். நெஞ்சுலயோ வயித்துலயோ குத்திருந்தா முள்ளைப் புடுங்கவே கூடாது

சின்ன மாமா: மச்சான், உங்க வீட்டு பரண்ல ஒரு திருக்கை வால் இருந்துச்சே, உங்க அப்பா அதைக் காட்டித்தான எல்லாரையும் மெரட்டுவாரு

சித்தப்பா: மெரட்டல என்ன மெரட்டல, எனக்கு விழுந்துருக்கு. கடல்ல முள்ளு, வீட்ல வாலு 😂

அம்மா: தருண் பொறந்தப்ப திவ்யாவுக்கு தெனம் திருக்கை கொழம்பு தான வச்சுக் குடுத்தேன், பூண்டு நல்லெண்ணெய் போட்டு

திவ்யா: இங்க வாழையிலையில வச்சு சம்பல்னு ஒரு மிளகா விழுது தடவி சுட்டுத் தர்றாங்க அத்தை. நேத்து சாப்பிட்டோம். தருண்கிட்ட அது என்ன மீனுன்னு இன்னும் சொல்லல

கார்த்தி: நிலா, சாயங்காலம் கரையோரமா தண்ணில நடக்கலாமா? இவன் கேக்க மாட்டேங்குறான்

நிலா: தண்ணி ஏறுறப்ப கொஞ்சம் கவனமா இருங்கண்ணா. அது தான் அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம், பாருல இருந்து கூட்டமா மணல் பக்கம் வரும், நண்டு, இறால், சிப்பி, மணல்புழு தின்னும். கண்ணு முதுகுல வாய் வயித்துல, அதனால இரையை அது பாக்கவே முடியாது, இரையோட உடம்புல இருந்து வர்ற மின்சாரத்தை வச்சு தான் கண்டுபிடிக்குது. தண்ணி வத்துனா திரும்ப இடுக்குக்குப் போயிரும். காலைத் தூக்கி வைக்காம மணல்ல தேச்சுத் தேச்சு நடந்தீங்கன்னா அதிர்வு தெரிஞ்சு அதுவே விலகிரும். ஒரு ஈத்துல 7 குட்டி வரைக்கும் போடும், முட்டை இல்ல, குட்டி தான், பொறக்குறப்பவே நீலப்புள்ளி இருக்கும்

அம்மா: வேணாம் கரையில உக்காந்து பாருங்க போதும்

சித்தப்பா: விடுங்க மதினி, கடல்காரன் பேரன்

(இரவு 9.40)

கார்த்தி: (வீடியோ) முட்டியளவு தண்ணில மூனு போச்சு! ஓரத்தை மட்டும் அலை மாதிரி ஆட்டிக்கிட்டு, தூசி கூட கெளம்பல. சித்தப்பா நீங்க பாக்கணுமே

சின்ன மாமா: அழகா தான் இருக்கு. பார்வர்டை எடுத்துட்டேன்மா நிலா

நிலா: இன்னொரு குரூப்ல போட்டீங்களே அது?

சின்ன மாமா: காலைல எடுக்குறேன்

திவ்யா: அத்தை, தருண் ரூமுக்கு வந்தும் காலைத் தூக்க மாட்டேங்குறான், பாத்ரூம் வரைக்கும் டைல்ஸ்ல தேச்சுக்கிட்டே போறான். கட்டிலுக்கு அடியில வாலு இருக்கான்னு வேற டார்ச் அடிச்சுப் பாத்துட்டு தான் படுத்துருக்கான்