காய்ச்சலும் சுடுதண்ணீர்க் குளிப்பும்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

கோண்டாவிலான்:
மார்கழி மழை விட்ட கையோடு மச்சானுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் நொச்சியிலை அவித்துத் தலைக்கு வார்க்கிற வழமை தெரியும்தானே. மாமி கிடாரத்தில் வைத்துவிட்டா. அவர் பாத்ரூமுக்குள் போய்க் கொண்டியும் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாளி உருளும் சத்தம். பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். மாமி தட்டுகிறா, பதில் இல்லை. யன்னல் கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி, சின்னவனை உள்ளே இறக்கித்தான் கதவைத் திறந்தோம். மச்சான் சுவரோடு சாய்ந்து கிடந்தார். அறை முழுக்க ஆவி. அவ்வளவு சுடுதண்ணீர் வார்த்த மனிசனின் கால் இரண்டும் சில்லென்று இருந்தன. அந்தக் குளிர் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. டெங்கு என்றார்கள். தப்பிவிட்டார். "காய்ச்சல் விட்டபிறகுதானே குளித்தவர்" என்று மாமி இப்பவும் சொல்லுவா.

சுன்னாகத்து அக்கா:
மாமியைக் குறை சொல்ல ஏலாது, ஆனால் டெங்கில் அந்த நேரம்தான் பொல்லாதது. பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அதே நேரத்தில்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசியத் தொடங்கும், பிறஷர் இறங்கும். மேலே சுடுதண்ணீர் பட்டால் தோலடிக் குழாய்கள் விரிந்து அது இன்னும் இறங்கும். வாட்டில் ஒரு பெடியன், "ஒருக்கா மேல் கழுவிப்போட்டு வாறன் மிஸ்" என்று எழும்பினவன், கட்டிலடியிலேயே மடங்கி விழுந்தான். தண்ணீரைத் தொடக்கூட இல்லை.

பருத்தித்துறைப் பழசு:
நொச்சியில் பழி போடாதேங்கோ பிள்ளையள். நாங்கள் கிணற்றடியில் குளித்தோம். தலை சுற்றினால் பிடிக்க ஆள் நின்றது. இப்ப உள்ளுக்குப் பூட்டிக்கொண்டு, யன்னலும் சாத்தி, ஹீற்றரைத் திருகிவிட்டு நிற்கிறீர்கள். கொண்டியைக் கழற்றி எறியுங்கோ முதல்.

கோண்டாவிலான்:
ஐயா, நொச்சியை நான் குறை சொல்லவே இல்லை. திரும்ப வாசித்துப் பாருங்கோ.

இணுவில் மருமகன்:
எங்கள் மாமாவுக்கு நெடுநாள் சலரோகம். தடிமன் என்று பேசினில் சுடுதண்ணீர் விட்டுக் காலை வைத்துக்கொண்டு பேப்பர் வாசித்தார். மனிசி வந்து பார்த்துக் கத்தின பிறகுதான் குனிந்து பார்த்தார். புறங்கால் தோல் கொப்பளித்திருந்தது. அவர் இன்னும் விளையாட்டுப் பக்கத்திலேயே விரலை வைத்திருந்தார், நோவே தெரியவில்லை.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீர். மாறிச் செய்யாதேங்கோ. சலரோகக்காரர் காலால் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்கவேணும், அல்லது வேறு ஆள் பார்க்கவேணும். 37, 38 பாகை போதும். 60 பாகைத் தண்ணீர் 5 செக்கனிலேயே தோலைச் சுட்டுவிடும், வயதானவருக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் கெதியாய். பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டு இருந்து குளியுங்கோ, காலுக்குக் கீழ் வழுக்காத பாய் வேணும். போகமுன் தண்ணீர் குடியுங்கோ, வயிற்றோட்டம் என்றால் ஜீவனி, அந்த உப்புச் சீனிக் கரைசல். பிறஷர் குளிசை போட்ட கையோடு போகாதேங்கோ. குளித்து முடிந்தால் சட்டென்று எழும்பக் கூடாது, கொஞ்சம் இருந்து எழும்பவேணும். வாளிக்குள் கொயில் ஹீற்றர் போடுகிறவர்கள், பிளக்கைக் கழற்றாமல் தண்ணீரில் விரல் வைக்கவே கூடாது. வேது பிடிக்கும்போது கிடாரத்தை மடியில் வைக்கிற பழக்கத்தை எங்கே பழகினீர்களோ தெரியாது, மேசையில் வையுங்கோ. ஆள் விழுந்தால் இழுத்து நிமிர்த்தாமல் காலை உயர்த்திப் படுக்கவையுங்கோ. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

பருத்தித்துறைப் பழசு:
தம்பி, இவ்வளவும் பார்த்துக் குளிக்கிறதுக்கு வருத்தக்காரன் குளிக்காமலே கிடக்கலாம்.

சுன்னாகத்து அக்கா:
உண்மையில் கிடக்கலாம் ஐயா. ஒன்றும் குறையாது.

நல்லூர்ப் பிள்ளை:
அக்கா, அம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். வியர்வை பிசுபிசுக்குது, குளிக்கவேணும் என்று நிற்கிறா. மேல் துடைத்துவிடலாமா?

சுன்னாகத்து அக்கா:
துடைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், துவாயை நன்றாய்ப் பிழிந்து, கட்டிலில் வைத்தே. யன்னலைச் சாத்திப்போட்டுச் செய்யும். பனடோலைத் தவிர வேறு நோக்குளிசை ஒன்றும் கொடுக்காதேயும். இரத்தம் சோதிச்சாச்சா?