சுவரிலிருந்து இறக்கிய படங்களைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா?

கோனாப்பட்டுப் பேத்தி:

போன மாதம் செட்டிநாட்டில் எங்கள் ஊர் வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படைக்கிற நாள். பங்காளிகள் எட்டுப் புள்ளியும், அதாவது எட்டுக் குடும்பமும், வந்திருந்தோம். வெள்ளையடிக்க வேண்டும் என்று முகப்பிலும் உள்முற்றமான வளவிலும் இருந்த படங்களை எல்லாம் இறக்கி, பட்டாலைக் கூடத்தில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த படங்கள். ஒன்றின் முதுகைக்கூட நான் அதுவரை பார்த்ததில்லை.

அதில் ஒரு லட்சுமி. தாமரையில் நிற்கிறாள், பக்கத்தில் யானை மாலையோடு. எல்லா வீட்டிலும் இருக்கிற அதே படம்தான். ஆனால் எங்கள் லட்சுமிக்கு நிஜப் புடவை. பட்டுத் துண்டை வெட்டிக் கொசுவம் வைத்துக் காகிதத்தோடு தைத்திருக்கிறார்கள். நகைக்குச் சமிக்கி, கிரீடத்துக்குச் சரிகை. ஐயாவின் (தாத்தாவின்) ஆத்தா செய்தது என்று அப்பத்தா சொன்னார். ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, ரங்கூனுக்கும் சைகோனுக்கும் போனால் வர மூன்று வருடம் ஆகுமாம். அதுவரை பெண்களுக்குப் பனையோலைக் கொட்டான் முடைவதும் இந்த ஊசி நூலும்தான்.

திருப்பினேன். பின்னால் தேக்குப் பலகை, அதன் விளிம்புகளை மூடி ஒட்டிய செய்தித்தாள். உருண்டை உருண்டையாகப் பர்மிய எழுத்து! அப்படியென்றால் பிரேம் போட்டது ரங்கூனில். படம் எங்கே அச்சானது? கீழ் ஓரத்தில் ஏதோ எழுத்து இருந்த தடம் தெரிகிறது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் கண்ணாடி மாற்றக் கொடுத்தபோது, அந்தக் கடையில் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை நறுக்கிவிட்டார்கள். கேட்டதற்கு, “வெள்ளைக் காகிதம்தானே ஆச்சி, படத்தில் கை வைக்கவில்லையே” என்றார்களாம்.

உங்கள் வீட்டில் யாராவது திருப்பிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

கல் அச்சு:

அந்த நறுக்கிய ஓரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. அச்சகத்தின் பெயர் அங்கேதான் இருக்கும். ‘ரவி வர்மா பிரஸ், கார்லா-லோனாவ்லா’ என்றோ, ‘ஜெர்மனியில் அச்சிடப்பட்டது’ என்றோ ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் ஊரில் பழைய சாமி படம் எதைக் கண்டாலும் ரவி வர்மா என்கிறோம். பாதிக்கு அவர் கை பட்டதே இல்லை. அவர் 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் மலவ்லிக்குப் போனது. நஷ்டம் தாங்காமல், அங்கே வேலை பார்த்த பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். 1906ல் ரவி வர்மா இறந்த பிறகும் அவர் பேரில் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

நான் சென்னை கவின்கலைக் கல்லூரியில் அச்சுக்கலை படித்தவன். ஓரம் போனாலும் ஒரு சோதனை இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். சிவகாசி காலண்டர் என்றால் புள்ளிகள் கோலம் போட்ட மாதிரி வரிசையாக நிற்கும். அது கேமரா போட்ட புள்ளி. பழைய கல் அச்சில் புள்ளிகள் எள்ளை இறைத்த மாதிரி ஒழுங்கில்லாமல் கிடக்கும். ஒரு ஆள் உட்கார்ந்து கையால் வைத்த புள்ளிகள் அவை.

கல் அச்சு என்றால் செதுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். செதுக்கவே மாட்டோம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். 1796 வாக்கில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. சோல்ன்ஹோஃபன் என்ற ஊரின் சுண்ணாம்புக் கல்லை வழவழவென்று அரைத்து, கொழுப்பு மையால் அதில் வரைவோம். கருவேலம் பிசினில் ஒரு சொட்டு அமிலம் கலந்து தடவுவோம். அப்புறம் ஈரப் பஞ்சால் கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், கோடு மையைப் பிடிக்கும், ஈரக் கல் விலக்கும். வலது கை இடது கையாக அச்சாகும் என்பதால் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றி வரைய வேண்டும். நான் முதலில் வரைந்த முருகன் வேலை இடது கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆசிரியர் சிரிக்கக்கூட இல்லை.

இது ஒரு நிறத்துக்கு. லட்சுமிக்குப் பத்துப் பதினைந்து நிறம் என்றால் அத்தனை கல். ஒரே காகிதம் ஒவ்வொரு கல்லிலும் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் உதட்டுச் சிவப்பு முகவாய்க்கு வந்துவிடும். கடைசியில் வார்னிஷ் பூசி, துணி நெசவு மாதிரி மேடு பள்ளம் அழுத்தினால் எண்ணெய் ஓவியம் போலத் தெரியும். ஓலியோகிராஃப் என்று பெயர் வந்தது அதனால்தான்.

ஆத்தங்குடிக்காரன்:

அண்ணன் சொன்ன அந்த ‘மாற்றி வரைவது’ எனக்குப் புதிதாகப் படவில்லை. எங்கள் அப்பா டைல்ஸ் போட்டவர். அதுவும் கவிழ்த்துச் செய்கிற வேலைதான். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன் மேல் பூ அச்சை நிறுத்தி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம் என்று சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார். அச்சைத் தூக்கியதும் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவார். முகம் எப்படி வந்திருக்கிறது என்று அப்போது தெரியாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கண்ணாடி கழன்ற பிறகுதான் தெரியும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது, பாலிஷ் கிடையாது.

வீட்டில் கண்ணாடிப் படம் இருந்தால் அதையும் பாருங்கள். கண்ணாடியின் பின்பக்கம் வரைவது. சாதாரணப் படத்தில் கடைசியாக வைக்கிற கண்மையும் மூக்குத்தியும் அதில் முதலில் வரும், பின்னணி கடைசியில். மூக்குத்தியை மறந்தவன் மறந்ததுதான், திரும்பப் போய் வைக்க முடியாது.

தேவகோட்டை ரஸ்தா:

என் கதை வயிற்றெரிச்சல் கதை. எங்கள் ஆயா வீடு வருடத்தில் பதினோரு மாதம் பூட்டியே இருக்கும். ஐயாவும் ஆயாவும் சேர்ந்து இருக்கிற ஒரே போட்டோ மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஊரில் ஒரு ஸ்டூடியோவில், லேசாக ஈரத் துணி வைத்து உரித்துவிடலாம் என்றார்கள். உரித்தேன். ஆயாவின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்துப் போட்டோத் தாளில் படமாகத் தெரிகிற வெள்ளியைப் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறிப் பசையாகும், காய்ந்தால் கண்ணாடியை விடாது. அப்படி ஒட்டியிருந்தால் எடுக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே விட்டுவிடுங்கள். பழைய போட்டோவின் ஓரத்தில் கண்ணாடி ரசம் போலப் பளபளப்பதையும் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். அது வெள்ளிதான், மேலே வந்து பூத்திருக்கிறது.

பேத்தி ஆச்சி, அந்தப் பின்பலகையையும் கவனியுங்கள். பலகையின் கணு எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் படத்தில் பழுப்பு விழும். மரத்தின் அமிலம் காகிதத்தில் இறங்குவது.

புதுவயல்:

படம் இல்லை, சுதை, சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவம். எங்கள் வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி. கல்யாணத்துக்குக் கல்யாணம் எனாமல் அடித்து, இப்போது அம்மைக்கு முகம் வீங்கியிருக்கிறது. யாரைக் குறை சொல்ல, போன தடவை டப்பாவைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான்.

கோனாப்பட்டுப் பேத்தி:

பூதக்கண்ணாடி வைத்தேன். எள் இறைத்த புள்ளிதான்! கல் அச்சு அண்ணனுக்கு நன்றி.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஐயாவின் ஆத்தா கல்யாணமான புதிதில் எடுத்த சின்னக் கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று பெட்டகத்தில் கிடைத்தது. அதைப் பெரிதாக்கி வண்ணம் தீட்டிய படம் வளவில் மாட்டியிருக்கிறது. அதில் புடவை கிளிப் பச்சை. வீட்டில் எல்லோரும் அது பச்சைப் புடவை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். சின்னப் போட்டோவில் கரையைப் பார்த்தேன், அன்னப்பட்சி வரிசை. லட்சுமிக்குத் தைத்த துண்டிலும் அதே அன்னம், அதே இடைவெளி. ஆனால் துண்டு பழுப்பாக இருக்கிறது, பச்சை சாயலே இல்லை. தையலைப் பிரித்துப் பார்க்கலாமா?

கல் அச்சு:

பிரிக்காதீர்கள் ஆச்சி! பெரிதாக்கிய படத்துக்கு வண்ணம் போட்டவர் அந்தப் புடவையைப் பார்த்தே இருக்க மாட்டார். கறுப்பு வெள்ளையில் பச்சையா நீலமா சிவப்பா என்று சொல்ல முடியாது, எல்லாம் சாம்பல்தான். கையில் கரைத்து வைத்திருந்த நிறத்தைப் போட்டிருப்பார். படத்தில் கை வைப்பது நேற்றுத் தொடங்கியதும் இல்லை. 1858ல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லாம் சுற்றிப் படம் எடுத்த லினேயஸ் ட்ரைப், வானம் வெறுமையாக இருக்கிறதென்று நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வைத்தவர்.

துணியின் பழுப்பையும் நம்பாதீர்கள். எண்பது தொண்ணூறு வருட வெளிச்சம் தின்ற நிறம் அது. கொசுவத்தின் உள்மடிப்பு எங்காவது தையல் இல்லாமல் திறந்திருந்தால், வெளிச்சம் படாத இடம் அதுதான். மழுங்கிய ஊசி முனையால் இலேசாகத் தூக்கிப் பாருங்கள், போதும்.

கோனாப்பட்டுப் பேத்தி:

பார்த்தேன். இரண்டாவது மடிப்பு தானாகவே சற்று விலகியிருந்தது. உள்ளே ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறம், நேற்று வாங்கிய மாதிரி.

அப்பத்தாவை நாற்காலியோடு பக்கத்தில் கொண்டுவந்து காட்டினோம். வெகு நேரம் பார்த்தார். “மாமியார் இந்த நிறத்தில் கட்டி நான் பார்த்ததே இல்லையே. நான் வரும்போது அவர் வெள்ளைச் சீலைக்கு மாறியிருந்தார்” என்றார். மடிப்பை விட்டதும் அது தானாகவே பழையபடி மூடிக்கொண்டது. லட்சுமியைத் திரும்ப வெயில் விழும் முகப்பில் மாட்ட வேண்டாம் என்று பங்காளிகளிடம் பேசி, இரண்டாம் கட்டு அறையில் மாட்டியிருக்கிறோம். செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. பர்மிய எழுத்து படிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?