கருப்பை நார்க்கட்டிக்கு எம்போலைசேஷன்: பின்விளைவுகளில் எது இயல்பு, எது ஆபத்து?

கேள்வி

எனக்கு வயது 44. கருப்பையின் தசைச்சுவரில் 7 சென்டிமீட்டர் அளவில் ஒரு நார்க்கட்டியும், உட்குழியை நோக்கிப் பிதுங்கிய சிறிய கட்டி ஒன்றும் இருப்பதாக எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியவந்தது. மாதவிடாயின்போது கட்டி கட்டியாக உதிரம் போவதால் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கி, இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். கருப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு மருத்துவரும், எடுக்கத் தேவையில்லை, ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருங்கச் செய்யலாம் (எம்போலைசேஷன்) என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இனிக் குழந்தை பெறும் எண்ணம் இல்லை. இருந்தாலும் கருப்பையை எடுக்க மனம் ஒப்பவில்லை. “கத்தி வைக்காத சிகிச்சை, மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்” என்பதற்கு மேல் பின்விளைவுகளைப் பற்றி எவரும் விளக்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (சிகிச்சை செய்துகொண்டவர்)

கத்தி வைக்கமாட்டார்கள் என்பது உண்மைதான். அதனால் வலிக்காது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்கிருந்தே மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். சாயம் ஏற்றிய ஒவ்வொரு முறையும் இடுப்புக்குள் வெந்நீர் பாய்ந்ததுபோல் சூடு பரவியதே தவிர, வேறு தொந்தரவு இல்லை. அறைக்குக் கொண்டுவந்த சற்று நேரத்தில்தான் அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலி தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் வலிமருந்து இறங்கும் கருவியைக் கையில் கொடுத்திருந்தார்கள். அது இல்லாமல் அந்த இரவைக் கடந்திருக்க முடியாது. வலிமருந்தை எந்த முறையில், எத்தனை மணி நேரத்துக்குக் கொடுப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் லேசான காய்ச்சலும் குமட்டலும் இருந்தன. எல்லாவற்றையும்விட நீடித்தது அசதிதான். ஏறத்தாழ இரண்டு வாரம் வேலைக்குப் போகும் தெம்பு வரவில்லை.

மறுமொழி 2 (ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி பிரிவில் பணிபுரிபவர்)

மேலே சொல்லப்பட்ட அனைத்தும் எதிர்பார்க்கப்படுபவையே. கருப்பைத் தமனிகளுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்களைச் செலுத்தி அடைக்கும்போது, கட்டி ரத்தம் கிடைக்காமல் உடலுக்குள்ளேயே செத்துப்போகிறது. கருப்பையின் இயல்பான தசைக்கு வேறு கிளைகள் வழியாக ரத்தம் கிடைப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. செத்த திசுவை உடல் கையாளும்போது எழுவதுதான் முதல் வாரத்து வலி, லேசான காய்ச்சல், அசதி ஆகிய மூன்றும். வலி முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு படிப்படியாக இறங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இந்தப் போக்கைத்தான். குறைந்துவந்த வலி மீண்டும் கூடினாலோ, ஓரிரு வாரங்களுக்குப் பிறகு குளிருடன் காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றத்துடன் கசிவு போனாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அரிதாக, கருப்பையை எடுக்கும் நிலைக்கும் அது கொண்டுபோய்விடும். உட்குழியை நோக்கிய கட்டி இருப்பதால் உங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்: அத்தகைய கட்டி செத்தபின் சில வாரங்களிலோ மாதங்களிலோ துண்டு துண்டாக வெளியேறக்கூடும், சில நேரம் கருப்பை வாயிலில் சிக்கியும் கொள்ளும். அந்தச் சிறிய கட்டியை மட்டும் ஹிஸ்டரோஸ்கோப்பி (கருப்பை வாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்தும் முறை) மூலம் எடுக்க முடியுமா என்று கேட்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கட்டி முழுவதுமாக மறைந்துவிடுமா? மாதவிடாய் நின்றுபோகும் என்கிறார்களே, அது உண்மையா? பிற்காலத்தில் மறுபடியும் சிகிச்சை தேவைப்படுமா?

மறுமொழி 3 (மகப்பேறு மருத்துவர்)

கட்டி மறையாது, சில மாதங்களில் அதன் கனஅளவு பெரும்பாலும் பாதியளவு குறையும். கனஅளவு பாதியானால் 7 சென்டிமீட்டர் கட்டியின் குறுக்களவு ஏறத்தாழ 5.5 ஆகத்தான் இறங்கும் என்பதால், ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பலர் ஏமாற்றமடைகிறார்கள். ஆனால் உதிரப்போக்கு குறைவதைக் கொண்டே பலனை அளவிட வேண்டும்.

துகள்களில் சில, இணைப்புக் கிளைகள் வழியாகச் சினைப்பையின் ரத்த ஓட்டத்தையும் பாதிக்கலாம். அதனால் மாதவிடாய் நிரந்தரமாக நின்றுபோவது இளம் வயதினரிடம் அரிது. 45-ஐத் தாண்டியவர்களிடம் அதற்கான வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. நீங்கள் அந்த எல்லையில் இருக்கிறீர்கள்.

மறுசிகிச்சையைப் பொறுத்தவரை, நெதர்லாந்தின் எம்மி ஆய்வில் எம்போலைசேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் கருப்பை நீக்கம் தேவைப்பட்டது. மீதிப் பேர் அந்த அறுவை சிகிச்சையைத் தவிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். பிரிட்டனில் 254 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஃபெம் ஆய்வில், கட்டியை மட்டும் அறுவை செய்து எடுத்தவர்களின் வாழ்க்கைத் தரம் இரண்டு ஆண்டு முடிவில் எம்போலைசேஷன் குழுவினரைவிடச் சற்று மேலாக இருந்தது. ஆகவே கருப்பையைக் காப்பாற்ற உங்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. அது பற்றி இரு மருத்துவர்களும் பேசாதது எனக்கு வியப்பளிக்கிறது.

இன்னொன்று: எம்போலைசேஷனில் பரிசோதனைக்கு அனுப்பத் திசு எதுவும் கிடைக்காது. இந்த வயதில் இவ்வளவு உதிரப்போக்கு இருக்கும்போது, கருப்பை உட்சவ்வின் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு வராமல் தேதி குறிக்கச் சம்மதிக்காதீர்கள்.